அவள் கேட்காத பேஸ் கிட்டார்

"நெக் வளைஞ்சு போச்சுங்க… சரிபண்ண வருவீங்களா?"

போனில் வந்தது ஓர் ஆணின் குரல். பின்னால் மழைச் சத்தம். குரலில் அவ்வளவு கவலை…

அவள் ஃபிஸியோதெரபிஸ்ட். மருந்துக்கடைக்கு மேலே இருந்த சின்ன கிளினிக்கில் வேலை. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பாள். கழுத்துப் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று நாள் முழுக்கப் பிடிப்புகளோடுதான் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதாக இல்லை.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ரொம்ப நாளாவே இருந்திருக்கும் போல. நான்தான் கவனிக்கலை. நேத்துதான் பார்த்தேன்."

சரிதான்… வீட்டில் ஒருத்தருக்குக் கழுத்து வளைந்து கிடக்கிறது, இவர் நேற்றுத்தான் பார்த்தாராம்!

"வயசு?"

"இருபதுக்கு மேல இருக்கும்."

"முன்பக்கமா வளைஞ்சிருக்கா, பின்பக்கமா?"

"முன்னால. வில்லு மாதிரி."

"ஐயையோ… அசைக்க முடியுதா?"

"அசைச்சா உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்குங்க."

"அசைக்கவே அசைக்காதீங்க! மல்லாக்கப் படுக்க வையுங்க. தலைக்கு அடியில எதையும் வைக்காதீங்க. அட்ரஸ் சொல்லுங்க, நான் வர்றேன்."

"இப்பவேவா? மழை கொட்டுதே…"

"மழையைப் பார்த்தா ஆகுமா?" என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே.

சூடு கொடுக்கும் இன்ஃப்ரா ரெட் விளக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் குடை காற்றில் திரும்பிக்கொண்டது. இரண்டாவது மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டியபோது, கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவனின் கண்களைத்தான் முதலில் பார்த்தாள். சற்றே கலங்கியதுபோல, ஆனால் ஓரத்தில் எப்போது வேண்டுமானாலும் சிரிப்பு எட்டிப்பார்க்கலாம் போல… அப்படிப்பட்ட கண்கள்.

"பேஷன்ட் எங்கே?"

"பேஷன்ட்டா…? உள்ளே இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே படுக்க வச்சிருக்கேன்."

'இருக்கு' என்கிறானே, மரியாதை இல்லாமல்! அவள் விறுவிறுவென்று அறைக்குள் போனாள். கட்டிலில் சுருக்கமில்லாமல் விரிப்பு. தலையணையை எடுத்து ஓரமாக வைத்திருந்தான். நடுவில் மல்லாந்து படுத்திருந்தது… ஒரு கிட்டார். நீளமான கழுத்து, நாலே நாலு தடித்த கம்பிகள்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"பேஸ் கிட்டார்ங்க."

"அது தெரியுது! இதுக்கா என்னை மழையில வரவச்சீங்க?"

"நீங்க… கிட்டார் ரிப்பேர் பண்றவர் அனுப்பின ஆளில்லையா?"

"நான் ஃபிஸியோ! மனுஷங்க கழுத்தைச் சரிபண்றவ!"

அவன் போனை எடுத்துப் பார்த்தான். இசைக்கடைக்காரர் சொன்ன எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தான். புரிந்ததும் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டான்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலைங்க."

"கண்ணு சிரிக்குது."

"அது என் பேச்சைக் கேட்காதுங்க…" என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

இந்த இடத்தைத்தான் அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அந்தத் துண்டை வாங்காமல் திரும்பியிருக்கலாமே என்று அல்ல. தேடாமல், கேட்காமல், ஒரு தவறான எண்ணால் மடியில் வந்து விழுந்ததை எப்படிக் கைநழுவ விட்டோம் என்று… அதை நினைத்துத்தான் மனசு ஆறாமல் போனது.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? தலையைத் துவட்டிக்கொண்டே, தொழில் புத்தி சும்மா இருக்குமா, குனிந்து அந்தக் கழுத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே வில்தான். கம்பிகள் இழுத்த இழுப்பில் மரம் முன்பக்கமாக வளைந்து, நடுவில் கம்பிக்கும் மரத்துக்கும் இடையே விரல் நுழையும்படி இருந்தது.

"பாவம்," என்றாள், தன்னை அறியாமல்.

"மழை… ஈரம் ஏறிடுச்சு," என்றான் அவன். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கிட்டார் அவனுடையது அல்ல, அண்ணனுடையது. அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். ரொம்ப நாளைக்கப்புறம் லீவில் வரப்போகிறான். 'என் பேஸ் எப்படி இருக்கு?' என்று போனில் கேட்டதற்கு, 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டான் தம்பி.

"சொல்லிட்டுத்தான் எடுத்துப் பார்த்தேன்," என்றான்.

அவள் இருக்கும்போதே சரியான எண்ணுக்குப் போன் போட்டான். ரிப்பேர்காரர் வேறு ஊரில், கை நிறைய வேலையோடு இருந்தார். கழுத்துக்குள்ளே ஓடும் இரும்புத் தண்டை, ஆலன் கீ என்ற ஆறுமுனைச் சாவியைப் போட்டு முறுக்கிப் பார்த்தாயா என்று கேட்டார். முறுக்கியாகிவிட்டது, இதற்கு மேல் திரும்பவில்லை. அப்படியானால் ஒரே வழிதான். கம்பிகளைக் கழற்றிவிட்டு, நேரான இரும்பு ஒன்றின்மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மரத்துக்கு இதமாகச் சூடு காட்டி, அப்படியே ஆறவிட வேண்டும். ஒரே நாளில் நடக்காது. அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும்.

"சூட்டுக்கு என்னங்க பண்றது? அடுப்புல காட்டவா முடியும்?" என்று கேட்டபடியே திரும்பிய அவன் பார்வை, அவளுடைய பிளாஸ்டிக் பையில் போய் நின்றது.

"அது கிளினிக் விளக்கு. இரவல் எல்லாம் கொடுக்க முடியாது."

"நான் கேட்கவே இல்லையே…"

"கண்ணு கேட்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. விளக்கை இரவல் கொடுக்கக் கூடாது. ஆனால் விளக்கோடு ஆளும் சேர்ந்து வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டுப் போவாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வீடு முழுக்க ஸ்பானர், வயர், கிரீஸ் டப்பா. லிஃப்ட் ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளத்தின் மிச்சத் துண்டு ஒன்று வைத்திருந்தான். "இதைவிட நேரான பொருள் இந்த ஊர்லயே கிடையாது" என்று அதைச் சாப்பாட்டு மேஜைமேல் கிடத்தினான். அதன்மேல் துணி விரித்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை வைத்து, கழுத்தைக் கவிழ்த்து, நடுவில் கிளாம்ப் போட்டார்கள். விளக்கைப் போட்டாள் அவள். சிவந்த வெளிச்சம் மரத்தின்மேல் பரவியது.

அவன் கை துறுதுறுவென்றிருக்கும். "இன்னும் ஒரு சுத்து இறுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அரைச் சுத்து?"

"ஃபிஸியோ நானா, நீங்களா?"

"நீங்கதான். ஆனா இது மரம்ங்க, 'ஐயோ அம்மா'ன்னு கத்தாது."

"அதனாலதான் பயமா இருக்கு. கத்தறவங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிடும்."

மரத்தின் முதுகில் கை வைத்துச் சூடு பார்ப்பாள். அவனும் வைப்பான். விரல்கள் படாமல் இருக்க இரண்டு பேரும் ரொம்பக் கவனமாக இருப்பார்கள்… ரொம்ப ரொம்பக் கவனமாக. மறுநாள் வந்து கிளாம்பைக் கழற்றுவார்கள். ஒரு நூல் நிமிர்ந்திருக்கும். மறுபடியும் விளக்கு, மறுபடியும் காத்திருப்பு. காத்திருக்கிற நேரத்தில் டீ. டீ குடிக்கிற நேரத்தில் பேச்சு. அவன் அவளை 'ஃபிஸியோ' என்றான். அவள் அவனை 'லிஃப்ட்டு' என்றாள்.

அண்ணனும் அவனும் ஒரே குழுவில் இருந்தவர்களாம். அண்ணன் பேஸ், தம்பி டிரம்ஸ். முதல்முதலாகப் பெரிய மேடை கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், வேலை கிடைத்துவிட்டது என்று அண்ணன் விமானம் ஏறிவிட்டான். அதற்கப்புறம் குழு இல்லை. டிரம்ஸையும் விற்றுவிட்டான். இதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கண்களில் சிரிப்பு இருக்காது.

ஒருநாள் கழுத்து நேராகிவிட்டதா என்று பார்த்தார்கள். தலைப்பக்கம் அவன், உடல்பக்கம் அவள். ஆளுக்கு ஒரு கண்ணை மூடி, கழுத்தின் ஓரத்தோடு பார்வையை ஓடவிட்டார்கள். ஓடிய பார்வை வளைவில் முட்டாமல், தடங்கல் இல்லாமல், நேரே போய்… எதிரே இருந்த ஒற்றைக் கண்ணில் முட்டியது.

 வெளியே தூறல்.

"நேரா இருக்கு…" என்றான் அவன், மெதுவாக.

"ம்…" என்றாள் அவள். மூடிய கண்ணைத் திறக்க மறந்துவிட்டிருந்தாள்.

அன்றைக்கே ஏதாவது சொல்லியிருக்கலாம். இருவரில் ஒருவராவது…

மறுநாள் கம்பி மாட்டுவதாக ஏற்பாடு. அவள் போனபோது அவன் வீட்டில் இல்லை. கதவைத் திறந்தது அவனுடைய அக்கா. அடுத்த தெருவில் குடியிருப்பவள், தம்பிக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். "புதுக் கம்பி வாங்கக் கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்திடுவான். நீங்கதானே அந்த ஃபிஸியோ? உட்காருங்க, உட்காருங்க," என்று அவளை மேலும் கீழும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பார்த்தது பிடித்துவிட்டது போலிருக்கிறது. பேச்சு மடை திறந்தது.

"பரவாயில்லையே, நிமிர்த்திட்டீங்களே! நான் எல்லாம் அவ்வளவுதான்னு நினைச்சேன். பின்னே? அண்ணன் போன கோபத்துல, இதைத் தூக்கி பாத்ரூம் பரண்ல ஹீட்டருக்கு மேல எறிஞ்சான். 'வளைஞ்சு நாசமாப் போகட்டும்'னு சொல்லிக்கிட்டே எறிஞ்சான். எடுடான்னு எத்தனை தடவை சொன்னேன்… கேட்டாத்தானே!"

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கிளம்பியும் போய்விட்டாள். இவள் கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் அப்பா, கோபம் வந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறவர். தட்டு, டம்ளர், கடிகாரம்… ஒருமுறை அவள் ஆசையாக வைத்திருந்த ரேடியோ. அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய பிறகும், எங்காவது ஏதாவது விழுந்து உடைந்தால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். சிவந்த வெளிச்சத்தில், மரத்தின் முதுகைத் தடவிப் பார்த்த அந்தக் கைகளா எறிந்தன…?

அவன் வந்தான். கையில் புதுக் கம்பிப் பாக்கெட், முகம் முழுக்கச் சந்தோஷம்.

"ஃபிஸியோ! இன்னைக்கு உங்க பேஷன்ட் பேசப் போகுது!"

"ஈரம் ஏறிடுச்சுன்னு சொன்னீங்க."

அவன் நின்றான்.

"ஹீட்டருக்கு மேல தூக்கி எறிஞ்சீங்களாமே."

"அக்கா சொன்னாளா?"

"ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்க?"

"முதல் நாளே ஒரு புது ஆள்கிட்ட அதை எப்படிங்க சொல்றது? ஆமா, எறிஞ்சேன். வளையட்டும்னுதான் எறிஞ்சேன். அவன் வந்து கையில எடுக்கிறப்ப… வலிக்கட்டும்னு." அவன் குரல் இறங்கிவிட்டது. "இப்ப நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

அவள் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனையோ பேரின் முனகலைக் கேட்டு, எங்கே வலி என்று சொல்லிவிடுகிறவள்… அந்தக் குரலில் இருந்த வலி அன்றைக்கு அவள் காதில் விழவில்லை.

"அண்ணன் மேல கோபம்னா இது. நாளைக்கு இன்னொருத்தர் மேல கோபம் வந்தா? அவங்களுக்கும் இதே கதிதானா?"

அவன் முகம் கறுத்தது.

"நீங்க யாருங்க எனக்கு… இதெல்லாம் கேட்க?"

சொன்ன மாத்திரத்தில் அவனுக்கே தெரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் கையில் விளக்கை எடுத்துவிட்டிருந்தாள்.

"கரெக்ட். நான் யாரு? ராங் நம்பர்."

தெருவில் இறங்கி நடந்தாள். அன்றைக்குப் போடவே போடாத விளக்கை, சுடுவதுபோல உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே போனாள். அவன் கூப்பிடுவான், ஓடிவருவான் என்று தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள். அவன் வரவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம்… அவன் கிளினிக்குக்கே வந்துவிட்டான்.

உள்ளறையில் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தாள். நன்றாகத் துவைத்த சட்டை. தலையை அழுந்த வாரியிருந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் அவளைக் கேட்டான். கவுன்ட்டர்ப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். இவள் தலையை ஆட்டி, 'இல்லை' என்று சொல்லச் சொன்னாள்.

"அவங்க ஊர்ல இல்லைங்களே…"

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "சரிங்க… வந்தேன்னு மட்டும் சொல்லுங்க," என்றான். படியில் இறங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

'நாளைக்கு வருவான். நாளைக்கு வந்தால் பேசிவிடலாம்…' அந்த வீம்புக்கு அவள் வைத்த கெடு வெறும் ஒரு நாள்தான்.

அவன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போனில் அவன் எண்ணை எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். அவனுக்கு மட்டும் விரல் இல்லையா என்று கோபம் வரும். கோபம் போனதும் அழுகை வரும். மழைக்காலம் முடிந்தது. வெயில் வந்தது. அதுவும் முடிந்து மறுபடி மேகம் கூடியது…

ஒருநாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா மாதிரியே அவனும் எறிஞ்சானாம்மா. அதான் பயந்துட்டேன்."

"எறிஞ்சான் சரி. அப்புறம் என்ன பண்ணினான்?"

"அப்புறம்… எடுத்துச் சரிபண்ணினான்."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். "உங்கப்பா எறிஞ்சதை ஒரே ஒரு நாள் குனிஞ்சு எடுத்திருந்தார்னா, நான் ஏண்டி உன்னைத் தூக்கிக்கிட்டுத் தனியா வரப்போறேன்?"

 எத்தனை சாயங்காலங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்… நொறுங்கிவிடுமோ என்று பயந்து பயந்து, அவன் அந்த மரத்தை நிமிர்த்தியதைப் பார்த்தவளே அவள்தானே! எறிந்ததைக் கேட்டவளுக்கு, எடுத்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டதே…

அந்த வாரமே கிளினிக்குக்கு அவனுடைய அக்கா வந்தாள். வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை.

"மெதுவா… சுவத்துல விரலை வச்சு மேல ஏத்துங்க. போதும், போதும்," என்றாள் இவள்.  அக்காவே ஆரம்பித்தாள்.

"பெரியவன் வந்துட்டுப் போயிட்டான், தெரியுமா? கிட்டாரை எடுத்து மாட்டினான். 'என்னடா, நான் விட்டுட்டுப் போனதைவிட நல்லா இருக்கு?'ன்னான். இவன் அப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டான். ஹீட்டர், பரண், எல்லாம். பெரியவன் இவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அப்படி ஒரு அழுகை. 'சொல்லாம போனது என் தப்புடா'ன்னு. ஒரு சாயங்காலம் ரெண்டு பேரும் வாசிச்சாங்க. எங்கிருந்தோ டிரம்ஸ் வாடகைக்கு எடுத்து, எங்க வீட்டுக் கூடத்துல. ஜன்னல் எல்லாம் அதிர்ந்துச்சு, போங்க!"

இவள் கை அக்காவின் தோளிலேயே நின்றுவிட்டது.

"அதுக்கு உங்களைக் கூப்பிடத்தான் இங்க வந்தானாம். நீங்க ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். வாசிக்கிறப்ப எல்லாம் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தான். தாளம்கூட ஒரு இடத்துல விட்டுட்டான்."

"அந்தக் கிட்டார்…?"

"பெரியவன் கையோட கொண்டு போயிட்டான். அங்கேயே வீடு வாங்கிட்டானாம். இனிமே எப்ப வரப்போறான்…"

அக்கா கையை இறக்கிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தாம்மா, என் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஃபிஸியோ இருக்காங்க. நான் ஏன் இவ்வளவு தூரம் ஆட்டோ பிடிச்சு வந்தேன்னு நினைக்கிறே? அவனுக்கு ஒரு பொண்ணு பார்த்திருக்கோம். 'உங்க இஷ்டம்'னுட்டான். சந்தோஷமா சொல்லியிருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்? பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றான். பொண்ணு வீட்டுக்கு இன்னும் வாக்குக் கொடுக்கலை. கொடுத்துட்டா அப்புறம் நானே உன்னைப் பார்க்க வரமாட்டேன்… அது அந்தப் பொண்ணுக்குப் பண்ற துரோகம்."

"அவர்… இப்ப எங்கே இருப்பார்?"

அக்கா சொன்னது, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவில் 'வேலை நடக்கிறது' என்று அட்டை தொங்கியது. அவள் படியேறினாள். ஒவ்வொரு மாடியிலும், திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். மொட்டை மாடியில் மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. அவன் கையெல்லாம் கிரீஸோடு நிமிர்ந்தான்.

அதே கண்கள்தான். ஆனால் சிரிப்பு எட்டிப்பார்க்கிற ஓரத்தில் ஒன்றும் இல்லை.

"லிஃப்ட் ஓடாதுன்னு கீழே போர்டு வச்சிருந்தேனே…"

"பார்த்தேன்." மூச்சு வாங்கியது. இப்போது நிறுத்தினால் அப்புறம் வராது என்று அவளுக்குத் தெரியும். "அன்னைக்கு நீங்க கிளினிக் வந்தப்ப… நான் ஊர்லதான் இருந்தேன். உள்ளேதான் இருந்தேன். திரைக்குப் பின்னால. நான்தான் இல்லைன்னு சொல்லச் சொன்னேன்."

அவன் கிரீஸ் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"தெரியும்."

"தெரியுமா…?"

"உங்க செருப்பு வாசல்ல இருந்துச்சு."

 தெரிந்துதான் 'வந்தேன்னு மட்டும் சொல்லுங்க' என்றானா! தெரிந்துதான் அப்படி ஒவ்வொரு படியாக இறங்கினானா!

"அதனாலதான் மறுபடி வரலையா?"

"ஆமா. என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை போலன்னு நினைச்சேன். மன்னிப்புக் கேட்டு, நாங்க வாசிக்கிறதுக்குக் கூப்பிடத்தான் வந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்னே கேட்டிருக்கலாம். ரோஷம் விடலை… அண்ணன்கிட்ட இத்தனை வருஷம் வீம்பு பிடிச்சதோட அது போயிடுச்சுன்னு நினைச்சேன். போகலை."

"நானும்தான். நாளைக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு…" அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எறிஞ்சதை மட்டும் கேட்டு உங்களை எடைபோட்டுட்டேன். எடுத்ததை நான் கண்ணாலயே பார்த்தவ. எங்கப்பா ஞாபகத்துல… அது உங்க தப்பு இல்ல. ஒருநாள் உட்கார்ந்து எல்லாம் சொல்றேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். அக்கா பார்த்திருக்கிற பொண்ணு எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியாது, நல்லவங்களாத்தான் இருப்பாங்க… ஆனா, எனக்கு உங்களைப் பிடிக்கும். இதை வேற யாராவது வந்து சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு ஏறி வந்தேன்."

 கீழே பேருந்துகளின் ஹாரன் சத்தம். அவன் போனை எடுத்து, கிரீஸ் படாத ஒரு விரலால் எண்ணை அழுத்தினான்.

"அக்கா… அந்தப் பொண்ணு வீட்டுக்கு வேண்டாம்னு இப்பவே சொல்லிடு. மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லு… ஆமா. இங்கதான் நிக்கிறாங்க… ஐயோ, கத்தாதே அக்கா, காது போகுது!"

போனை வைத்தான். இருவரும் மோட்டார் அறை வாசற்படியில் உட்கார்ந்தார்கள், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு.

"எப்படி இருந்துச்சு… அன்னைக்கு அண்ணன் வாசிச்சது?"

"நல்லா இருந்துச்சு. கம்பி மரத்துல உரசி ஒரு சுரம்கூட இரையலை. எல்லா இடத்துலயும் சுத்தமா இருந்துச்சு," என்றான். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தேன்."

"அது எனக்கு இனிமே கேட்கக் கிடைக்காதுல்ல…?"

கிடைக்கும் என்று அவன் பொய் சொல்லவில்லை.

"கிடைக்காது," என்றான். "போன்ல பதிஞ்சு வைக்கக்கூடத் தோணலை எனக்கு. அதை நினைச்சா இப்பவும் கோபம்தான் வருது. உங்க மேலயும், என் மேலயும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"ஆனா ஃபிஸியோ… எனக்கும் உங்களைப் பிடிக்கும். அன்னைக்கு அந்தப் படியில இறங்குறப்பவும் பிடிச்சுது. மறந்துட்டேன்னு அக்காகிட்ட சொன்னப்பவும் பிடிச்சுது. பிடிக்காம இருந்திருந்தா, இந்த ஒரு வருஷம் எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது."